குழித்தறிக்கு எத்தனை மதிப்பெண்?

எங்க ஊர் தெள்ளார். வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் வரும். சரித்திரப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை இங்கே ஜெயித்து 'தெள்ளாறெறிந்த' என்று பட்டம் வாங்கினான். அதோடு சரித்திரம் எங்களை விட்டுவிட்டது. மிச்சம் இருப்பது நெல்லும், மணிலாவும், ஆரணி முதலாளிகளுக்குக் கூலிக்குப் பட்டு நெய்யும் சில தெருக்களும்.

அப்படி ஒரு தெருவில்தான் நான் வளர்ந்தேன். அப்பா குழித்தறியில் நெய்தவர். இடுப்பளவு குழியில் காலை விட்டு, காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் உட்கார்ந்தே இருப்பார். நான் பி.ஈ. படித்து, இருபது வருஷமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். நானும் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்தே இருக்கிறேன். குடும்பத் தொழிலை விடவில்லை என்று அப்பா கிண்டல் பண்ணுவார்.

2006-ல் அப்பாவுக்கு சர்க்கரை என்று தெரிந்தது. அப்போது அவருக்கு 52 வயது. அன்றிலிருந்து நீரிழிவு பற்றிக் கையில் கிடைக்கிற ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான் மருத்துவன் இல்லை. மருந்து, அளவு பற்றி இங்கே ஒரு வார்த்தையும் இருக்காது. ஆனால் அடுத்தவன் எழுதிய புரோகிராமைப் படித்து 'இது எங்கே உடையும்?' என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதே கண்ணால் நம்ம பக்கத்து ஆய்வுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். குறை சொல்வதால் அவற்றை மதிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். மதிப்பதால்தான் வரிவரியாகப் படித்தேன்.

கேள்வித்தாளில் தறி இல்லை

முதலில் 2005-ல் டாக்டர் வி. மோகன் குழுவினர் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண். சென்னையில் எடுத்த பெரிய கணக்கெடுப்பிலிருந்து உருவாக்கியது. ரத்தமே எடுக்காமல் நாலே கேள்வியில் யாருக்கு சர்க்கரை இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லிவிடலாம். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்கு சர்க்கரை உண்டா. மொத்தம் நூறு. அறுபதோ அதற்கு மேலோ வந்தால் அபாயம் அதிகம், உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

எளிமையான, அழகான கருவி. ஒரு டேப்பும் ஒரு பேனாவும் போதும். உண்மையில் சர்க்கரை இருப்பவர்களில் நூற்றுக்கு சுமார் 72 பேரை இது பிடித்துவிடும் என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. அப்படியென்றால் 28 பேர் தப்பிவிடுவார்கள். நாலு கேள்விக்கு இது மோசமில்லை. என் கேள்வி அந்த 28 பேர் யார் என்பதுதான்.

2006-ல் யாராவது அப்பாவிடம் இந்தத் தாளை நீட்டியிருந்தால் என்ன வந்திருக்கும்? போட்டுப் பார்த்தேன். வயது ஐம்பதைத் தாண்டியதால் 30. இடுப்பு 84 சென்டிமீட்டர். ஆணுக்கு 90-க்குக் கீழ் என்றால் 0. அப்பா அம்மாவுக்கு சர்க்கரையா? 'இல்லை', 0. மிச்சம் உடலுழைப்பு. கடின வேலையும் உடற்பயிற்சியும் இரண்டும் உண்டென்றால் 0. இரண்டில் ஒன்று மட்டும் உண்டென்றால் 20. இரண்டும் இல்லாமல் உட்கார்ந்த வேலை என்றால் 30.

தறி எதில் வரும்?

கால் இரண்டும் மாறி மாறி மிதியை அழுத்துகின்றன. கை நாடாவை இழுக்கிறது, அச்சை அடிக்கிறது. சாயந்திரம் தோள்பட்டை கழன்று விழும்போல வலிக்கும். நெசவாளியைக் கேட்டால் கஷ்டமான வேலை என்றுதான் சொல்வார். ஆனால் மூச்சு வாங்காது, இடுப்பு நகராது. வெளியிலிருந்து பார்க்கிறவர் உட்கார்ந்த வேலை என்று எழுதுவார்.

கடின வேலை என்று எழுதினால் அப்பாவுக்கு 50. உட்கார்ந்த வேலை என்று எழுதினால் 60. கோடு கிழித்திருப்பது சரியாக அறுபதில். ஆக, அவரைப் பரிசோதனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை அவர் உடம்பு தீர்மானிக்கவில்லை. பேனா பிடித்தவர் தறியைப் பற்றி என்ன நினைக்கிறாரோ அதுதான் தீர்மானிக்கிறது.

போன வருஷம் ஒரு விளையாட்டு செய்து பார்த்தேன். என் நடைகளை எண்ணும் கைக்கடிகாரத்தைத் தெருவில் நெய்கிற உறவுக்காரத் தம்பி ஒருவன் கையில் கட்டிவிட்டேன். நாடாவை இழுக்கிற ஒவ்வொரு இழுப்பையும் அது ஓர் எட்டாக எண்ணிக்கொண்டது. மதியத்துக்குள் 'இன்றைய இலக்கு முடிந்தது' என்று திரையில் பட்டாசு வெடித்துக் காட்டியது. அவன் குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கேள்வித்தாள் ஒரு பக்கம் தவறுகிறது, கருவி இன்னொரு பக்கம் தவறுகிறது.

குடும்ப வரலாற்றுக் கேள்வியும் இப்படித்தான். தாத்தாவுக்கு சர்க்கரை 'இல்லை' என்று அப்பா சொல்வார். தாத்தா வாழ்நாளில் ஒரு தடவைகூட ரத்தப் பரிசோதனை செய்ததில்லை. கால் புண் அழுகி செத்துப்போனார். 'இல்லை' என்பதும் 'தெரியாது' என்பதும் வேறு வேறு. எங்கள் தொழிலில் இந்த இரண்டையும் ஒன்றாக எழுதினால் மேலாளர் திட்டுவார். இங்கே இரண்டுக்கும் பூஜ்யம்தான். சோதனை வசதி வராத தலைமுறை எங்கே அதிகமோ அங்கே மதிப்பெண் குறைவாக வரும். நகரத்து மனிதரை விட கிராமத்து மனிதர் காகிதத்தில் ஆரோக்கியமாகத் தெரிவார்.

பக்கத்து ஊர் வேன்

அடுத்தது எங்களுக்குக் கிழக்கே, மதுராந்தகம் தாண்டி, சுனாம்பேடு. அந்த ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து 42 கிராமங்களில் ஒரு கிராமப்புற நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. டாக்டர் மோகன் குழுவினர்தான் நடத்தினார்கள்; உலக நீரிழிவு அறக்கட்டளை நிதி கொடுத்தது; இஸ்ரோ செயற்கைக்கோள் இணைப்பு கொடுத்தது. ஒரு வேனுக்குள் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா, ஈசிஜி, கால் உணர்ச்சியைச் சோதிக்கும் கருவி எல்லாம் இருந்தன. கிராமத்தில் எடுத்த படத்தைச் சென்னையில் உட்கார்ந்து டாக்டர் பார்ப்பார்.

பெரியவர்கள் 27,014 பேரில் 23,449 பேரைச் சோதித்தார்கள். கிட்டத்தட்ட 87 சதவீதம். கிராமத்தில் ரேஷன் கடைக்கே இத்தனை பேர் ஒழுங்காக வருவார்களா என்பது சந்தேகம். இந்த ஒரு எண்ணுக்காகவே அந்தக் குழுவுக்குக் கும்பிடு போடலாம்.

கண்டுபிடித்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கால் நரம்பு பாதித்திருந்தது. ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக விழித்திரை பாதித்திருந்தது. ஒரு வருஷத்தில் சராசரி ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவு, 9.3-லிருந்து 8.5-ஆகக் குறைந்தது. சென்னைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

இதில் கடைசி எண்தான் எனக்கு முக்கியம். பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு, நகரத்து வரிசையில் நிற்பது நூற்றில் 95 பேருக்குத் தேவையே இல்லை என்று இது காட்டுகிறது.

ஆனால் 9.3, 8.5 என்ற எண்களைப் பார்த்து நாம் எதைப் பாராட்டுகிறோம்? இங்கே ஒப்பீட்டுக் குழு கிடையாது. வேன் போகாத இன்னொரு 42 கிராமங்களை அதே வருஷம் அளந்து பார்க்கவில்லை. மருந்தே பார்க்காதவருக்கு மருந்து கிடைத்தால் சர்க்கரை குறையத்தான் செய்யும். அது நல்ல காரியம்தான். குறைத்தது வேனா, மருந்தா, ஊர்க்காரரே வேலைக்கு இருந்து வீடு வீடாகக் கேட்டதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அடுத்த ஊரில் எதை வாங்குவது? வேன் கண்ணுக்குத் தெரியும், அமைச்சர் வந்து கொடி அசைக்கலாம். வீட்டு வாசலில் நின்று 'மாத்திரை போட்டீங்களா?' என்று கேட்கிற பெண்ணைப் படம் பிடித்தால் செய்தியாகாது.

இன்னொன்றும் கவனியுங்கள். குறைந்த பிறகும் சராசரி 8.5. பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 7. முழு ஊரும் சேர்ந்து ஒரு வருஷம் உழைத்தும் பாதி வழிகூட வர முடியவில்லை. யார் மேலும் குற்றம் இல்லை. இந்த நோயோடு வாழ்வது அவ்வளவு கஷ்டம்.

கேரளத்தின் அறுபது வாக்குச்சாவடிகள்

ஊர்க்காரர் ஊர்க்காரருக்கு உதவுவதை நேராகவே சோதித்த ஆய்வு கேரளத்தில் நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 30 பகுதிகளில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, 15 கூட்டங்கள் நடத்தினார்கள்; அவற்றில் 12 அவர்கள் தலைமையில் நடந்தன. மற்ற 30 பகுதிகளில் வழக்கமான அறிவுரையோடு ஒரு கையேடு கொடுத்தார்கள். மொத்தம் 1,007 பேர். அபாய மதிப்பெண் அதிகம், ஆனால் இன்னும் சர்க்கரை வரவில்லை, அப்படிப்பட்டவர்கள். முடிவுகள் 2018-ல் வந்தன.

இரண்டு வருஷத்தில் கையேடு வாங்கியவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்தது. கூட்டத்துக்குப் போனவர்களில் 14.9 சதவீதம். 'புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று எழுதிவிட்டார்கள்.

ஒரு சிநேகிதரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப கூட்டம் போட்டுப் பேசறதெல்லாம் வேஸ்ட்டுன்னு சொல்லு" என்றார். நிறைய பேர் இப்படித்தான் வாசிக்கிறோம். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

கட்டுரை சொல்வது இதுதான்: அபாயம் சுமார் 12 சதவீதம் குறைவாகத் தெரிகிறது, ஆனால் உண்மை 34 சதவீதக் குறைவிலிருந்து 16 சதவீதக் கூடுதல் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 'பலன் இல்லை' என்று இதற்கு அர்த்தம் கிடையாது. 'இவ்வளவு பேரை, இவ்வளவு காலம் வைத்துப் பார்த்ததில் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்றுதான் அர்த்தம். மங்கலான போட்டோவில் ஆள் தெரியவில்லை என்பதற்காக அங்கே ஆளே இல்லை என்று சொல்ல முடியுமா? அதே சமயம் ஆள் இருக்கிறார் என்று சத்தியம் பண்ணவும் முடியாது. கூட்டம் போட்டால் சரியாகிவிடும் என்று பேசுகிற நம்மைப் போன்றவர்கள் இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் மனக்குறை வேறு இரண்டு. ஒன்று, ஆளைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்டது முன்பு சொன்ன அதே அபாய மதிப்பெண். ஆகவே ரத்தத்தில் சர்க்கரை இயல்பாகவே இருந்தவர்களும் கணிசமாக உள்ளே வந்துவிட்டார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களுக்கு வரப்போவதே குறைவு. வராத நோயை எப்படித் தடுத்துக் காட்டுவது? மேலைநாட்டுப் பெரிய ஆய்வுகள் சர்க்கரை ஏற்கனவே ஏறத் தொடங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டன. 2002-ல் அமெரிக்காவில் வந்த 58 சதவீதக் குறைவு என்ற புகழ்பெற்ற எண் அப்படி வந்ததுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை.

இரண்டாவது, கூட்டத்துக்குப் போனவர்களிடம் காய்கறி, பழம் கூடியது, குடி குறைந்தது, அபாய மதிப்பெண்ணும் இறங்கியது என்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் காய்கறியும் குடியும் நடையும் வாயால் சொல்கிற பதில்கள். 15 கூட்டத்தில் 'குடிக்காதே, நட' என்று கேட்டவருக்குச் சரியான பதில் எது என்று மனப்பாடம் ஆகியிருக்கும். கையேடு மட்டும் வாங்கியவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. உண்மையில் மாறியது எவ்வளவு, பதில் மாறியது எவ்வளவு?

செலவு விஷயத்தில் அவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆளுக்கு 22.5 டாலர்தான். இந்தக் காசுக்கு நகரத்தில் ஒரு தடவை முழு உடல் பரிசோதனைகூட நடக்காது.

வகுப்பா, மாத்திரையா, குறுஞ்செய்தியா

சென்னையில் நடந்த மற்ற ஆய்வுகளை வேகமாகப் பார்த்துவிடலாம்.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவின் இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வந்தது. 531 பேர். மூன்று வருஷத்தில் ஒப்பீட்டுக் குழுவில் 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்தது. உணவு, நடைப் பழக்கத்தை மாற்றிய குழுவில் 39.3. மாத்திரையைச் சேர்த்தாலும் அதற்கு மேல் பலன் இல்லை. நம்ம ஊர் உடம்புக்கும் தடுப்பு வேலை செய்யும் என்று காட்டிய ஆய்வு இது. ஆனால் 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். எங்கள் தெருவில் தார் சுற்றுவது, சமைப்பது, தறியில் கை மாற்றுவது எல்லாம் பெண்கள். என்ன சமைப்பது என்று முடிவெடுப்பவர் ஆய்வில் சிறுபான்மை.

அதே குழு 2013-ல் கைபேசிக் குறுஞ்செய்தியை வைத்து ஒரு ஆய்வு செய்தது. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர். இரண்டு வருஷத்தில் செய்தி வராதவர்களில் 27 சதவீதம், வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு சர்க்கரை. இவ்வளவு மலிவான ஒன்றுக்கு இவ்வளவு பலனா என்று நானே வியந்தேன். ஆனால் இதில் ஒரு பெண்கூட இல்லை. கைபேசியும் வேலையும் உள்ள, செய்தியைப் படிக்கத் தெரிந்த ஆணுக்குப் பலித்தது என்று மட்டும்தான் சொல்லலாம்.

2016-ல் வெளிவந்த இன்னொரு சென்னை ஆய்வில் 578 பேர். வகுப்பு நடத்தி, போதாதவர்களுக்கு மாத்திரையும் சேர்த்து, அபாயத்தை 32 சதவீதம் குறைத்தார்கள். ஆனால் வகுப்புக் குழுவில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டது. அப்புறம் அதை வகுப்பின் வெற்றி என்று எப்படிச் சொல்வது?

ஏற்கனவே சர்க்கரை உள்ளவர்களை எடுத்துக்கொண்டால், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து மருத்துவமனைகளில் 1,146 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று உண்டு. அதன் முடிவுகளும் 2016-ல்தான் வந்தன. டாக்டர் அல்லாத ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர், கூடவே டாக்டருக்கு நினைவூட்டும் ஒரு கணினி நிரல். சர்க்கரையோடு ரத்த அழுத்தம் அல்லது கொழுப்பும் இலக்குக்குள் வந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 8.1 சதவீதம், இதில் 18.2 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல். நிரல் எழுதுபவன் என்ற முறையில் நிரல்தான் ஜெயித்தது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் நிரலையும் மனுஷியையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். என் சந்தேகம் மனுஷி பக்கம்தான்.

மிதியில் ரத்தம்

இப்போது வீட்டுக் கதை.

சர்க்கரை என்று தெரிந்ததும் ஒரு மருத்துவமனையில் அப்பாவிடம் "தினம் முக்கால் மணி நேரம் நடங்க" என்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, "நான் நடந்துக்கினு இருந்தா தறியை யார்டா ஓட்டறது?" என்றார். சேலைக்குத்தான் கூலி, மணிக்கு இல்லை. அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த அறிவுரையில் அந்த விலை கணக்கில் வரவில்லை.

இத்தனைக்கும் முன்பெல்லாம் நடை தொழிலுக்குள்ளேயே இருந்தது. விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவு நீட்டுவார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து, அறுந்த இழையை முடிந்து, நீவிவிட வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆட்கள் வருவார்கள். இன்று என் பாவுக்கு நீ, நாளை உன் பாவுக்கு நான். அந்த நடையிலேயே யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கால் வீக்கம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இப்போது பாதிப் பாவு தயாராகவே வந்து இறங்குகிறது. அந்த நடையும் போனது, கூடவே விசாரிப்பும் போனது.

2014-ல் அப்பாவின் இடது கால் சுண்டுவிரலில் புண். அவருக்கு வலிக்கவே இல்லை. சுனாம்பேட்டில் மூன்றில் ஒருவருக்கு என்று படித்தேனே, அந்த நரம்புப் பாதிப்புதான். தார் கொடுக்க வந்த எதிர்வீட்டு அத்தை குழிக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, மிதியெல்லாம் ரத்தமா இருக்குது, தெரியலையா?" என்று கத்தியிருக்கிறார். அப்போதே நாள் ஆகிவிட்டிருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நான் அப்போது சென்னையில் உட்கார்ந்து நீரிழிவு ஆய்வுக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

அதற்கப்புறம் அத்தை ஒரு வழக்கம் ஆரம்பித்தார். செவ்வாய், வெள்ளி விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சர்க்கரை உள்ள ஆறு வீட்டுக்காரர்கள் உட்காருவார்கள். கையில் டார்ச். ஒருவர் காலை இன்னொருவர் பார்ப்பார். விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் அடி. கூடவே யார் மாத்திரை தீர்ந்தது, யார் கல்யாண வீட்டில் எத்தனை ஜாங்கிரி சாப்பிட்டார் என்ற விசாரணை. ஆஸ்பத்திரியில் பொய் சொல்லலாம், எதிர்வீட்டில் சொல்ல முடியாது.

நான் அவர்கள் சர்க்கரை அளவுகளை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலானோருக்குக் குறைந்திருந்தது. சந்தோஷத்தில் 'தெள்ளார் மாதிரி' என்று தலைப்பு வைத்து எழுதவும் தொடங்கிவிட்டேன். பாதியில் கை நின்றது. திண்ணைக்குப் புதிதாக வந்த இரண்டு பேரும் எப்போது வந்தார்கள்? சர்க்கரை எகிறிப் பயந்துபோன மாதத்தில். எகிறிய எண் தானாகவே கொஞ்சம் இறங்கும். நடுவில் வருவதை நிறுத்திய ஒருவரின் எண் என் நோட்டில் இல்லவே இல்லை. ஒப்பீட்டுக்கு வேறு தெரு கிடையாது. சுனாம்பேட்டைப் பார்த்து நான் சொன்ன அத்தனை குறையும் என் நோட்டுக்கும் பொருந்தும், இன்னும் அதிகமாகவே. தலைப்பை அழித்தேன்.

ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையினர் 2005-ல் வெளியிட்ட பாதப் பராமரிப்புக் கட்டுரையையும் அப்போதுதான் திரும்பப் படித்தேன். சொன்ன அறிவுரையைக் கடைப்பிடித்தவர்களுக்குப் புண் ஆறுவது அதிகம், புதுப் புண் குறைவு. ஆனால் கடைப்பிடித்தவர்களையும் கடைப்பிடிக்காதவர்களையும் யாரும் குலுக்கிப் பிரிக்கவில்லை. கடைப்பிடிக்க முடிந்தவர் யார்? காலுக்கு ஓய்வு கொடுத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா என்ற கவலை இல்லாதவர். ஆகவே அந்த வித்தியாசத்தில் எவ்வளவு அறிவுரைக்கு, எவ்வளவு வசதிக்கு என்பது தெரியாது.

எதை எண்ணுவது

2023-ல் வந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த இன்னொரு ஆய்வில் நீரிழிவு உள்ளவர்களில் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். அடுத்த வருஷம், 2021 ஆகஸ்ட் 5-ல், 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை வாசலுக்கே வருகிறது, கொண்டு வருபவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண். தறியை நிறுத்தாமல் மாத்திரை கிடைப்பது எங்கள் தெருவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

ஆனால் இந்த மாதிரித் திட்டங்களையும் ஆய்வுகளையும் நாம் எதை வைத்து மதிப்பிடுகிறோம்? எத்தனை பேருக்கு மாத்திரை, எத்தனை பேரைச் சோதித்தோம், சராசரி எவ்வளவு இறங்கியது. எண்ண எளிதானவற்றை எண்ணுகிறோம். நோயே வராமல் தடுக்கும் ஆய்வுகளுக்குக் கிடைக்கும் கவனம், நோயோடு முப்பது வருஷம் தறியிலோ வயலிலோ உட்காரப் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. அவருக்கு எண்ண வேண்டியவை வேறு. எத்தனை விரல் தப்பியது? இழை தெரிகிற கண் எத்தனை வருஷம் நீடித்தது? நோயால் எத்தனை நாள் கூலி போனது?

நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. கேரளத்தில் செய்தது போலக் குலுக்கிப் பிரித்து, சர்க்கரை ஏற்கனவே உள்ளவர்களை எடுத்து, ஆரணி, தேவிகாபுரம், தெள்ளார் பக்கத்து நெசவுத் தெருக்களில் ஒரு ஆய்வு. பாதித் தெருவில் வாரம் இரண்டு நாள் ஒருவர் காலை ஒருவர் பார்ப்பது. மீதித் தெருவில் இப்போது நடப்பதே. மூன்று வருஷம் கழித்துப் புண்ணையும் விரலையும் எண்ணுவது. வாயால் சொல்கிற பதில் வேண்டாம், கண்ணால் பார்க்கிற கால் போதும். பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதையும் நான் இங்கேயே எழுதுவேன். அத்தையிடமும் சொல்வேன். அவர் நிறுத்த மாட்டார் என்பது வேறு விஷயம்.

போன வெள்ளிக்கிழமை ஊரில் இருந்தேன். அப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, அரை நாள்தான் தறியில் இறங்குகிறார். திண்ணையில் காலை நீட்டினார். அத்தை டார்ச் அடித்தார். வலது குதிகாலில் ஒரு வெடிப்பு, ரத்தம் இல்லை. "எண்ணெய் போடு, நாளைக்குக் காட்டு" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயும்தான் நாள் பூரா உக்காந்தே இருக்கிற. செருப்பைக் கழட்டு" என்றார்.

கழற்றினேன். எனக்கு 44 வயது. போன மாதம்தான் அந்த நாலு கேள்விகளை எனக்கே போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30, அப்பாவுக்காக 10. மொத்தம் எழுபது. ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறேன்.